நூற்றிருபத்தெட்டு

குழந்தைவேலின் கட்டைவிரலில் மறுபடியும் கொப்புளம். ஊசி போன்ற கண்ணாடிக் குழாயின் நுனியை நெருப்பில் காட்டி அடைக்கும்போது சுட்டுக்கொண்டது. இந்த வாரத்தில் இது மூன்றாவது.

"மம்பட்டி புடிச்ச பரம்பரை. வேற எப்படி இருக்கும் கை?" என்றார் ராமசாமி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

நெய்வேலி டவுன்ஷிப் ஓரத்தில், பழுப்பு நிலக்கரியிலிருந்து மெழுகு எடுக்கப் பார்த்த ஒரு சின்னத் தனியார் ஆராய்ச்சிக் கூடம் அது. ராமசாமிதான் அங்கே பெரிய சார். எம்.எஸ்.சி. முடித்த இரண்டு பேரை ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்திருந்தார், குழந்தைவேல் ஒருவன், கருணாகரன் ஒருவன். கடைசியில் ஒருவனுக்குத்தான் பெர்மனெண்ட்.

குழந்தைவேல் வீட்டு நிலம் சுரங்கத்துக்குப் போய் ஆறு வருஷமாகிறது. கிடைத்த காசெல்லாம் அவன் படிப்புக்கே சரியாகிவிட, குடும்பம் பக்கத்து ஊரான வடக்குத்தில் வாடகை வீட்டில் கிடந்தது. இந்த வேலையும் இல்லையென்றால் கான்ட்ராக்டில் மண் சுமக்கப் போக வேண்டியதுதான், எம்.எஸ்.சி.யோடு!

பரீட்சை இதுதான். பாச்சை உருண்டையைக் கற்பூரத்தோடு கலந்து, பொடித்து, குழாயில் அடைத்து, எண்ணெயில் மெல்லச் சூடாக்க வேண்டும். வெறும் கற்பூரத்தைவிட எத்தனை டிகிரி குறைவாக உருகுகிறது என்று பார்த்து, அதை வைத்து மூலக்கூறு எடையைக் கணக்குப் போட வேண்டும். விடை எல்லாருக்கும் தெரிந்ததுதான், நூற்றிருபத்தெட்டு. அது கையில் வருகிறதா என்பதுதான் கேள்வி.

குழந்தைவேலுக்கு முதல் தடவை நூறு வந்தது. அடுத்தது தொண்ணூற்றொன்பது. தராசுக் கதவைச் சாத்தி, மூச்சைக்கூட அடக்கி நிறுத்து, மூன்றாம் தடவை போட்டான். நூற்றொன்று.

"சார், வெறும் கற்பூரத்த மட்டும் ஒரு தடவ உருக்கிப் பாக்கட்டுங்களா?"

"எதுக்கு? நூத்தி எழுபத்தெட்டு டிகிரின்னு பாட்டில்லயே போட்டிருக்கே. பாட்டில சந்தேகப்படாத. ஒன் கைய சந்தேகப்படு!"

எதிர் மேஜையில் கருணாகரன் அதே பாட்டிலிலிருந்து எடுத்துத்தான் செய்தான். நூற்றிருபத்தெட்டு, நூற்றிருபத்தேழு, மறுபடி நூற்றிருபத்தெட்டு. விரலில் ஒரு சூட்டுக் காயம் கிடையாது, சட்டையில் ஒரு கறை கிடையாது.

"கைன்னா இது கை!" என்று அவன் முதுகில் தட்டினார் ராமசாமி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குழந்தைவேலைக் கூப்பிட்டு, வேலை அவனுக்கில்லை என்று சொல்லிவிட்டார்.

"இன்னும் ஒரு வாரம் குடுங்க சார். காலைல ஏழு மணிக்கே வந்துடறேன்."

"மெட்ராஸ்ல மொதலாளிங்க ரிப்போர்ட் எங்க, ரிப்போர்ட் எங்கன்னு கழுத்தப் புடிக்கிறாங்க. இதுல ஒனக்கு ஒரு வாரமா? போப்பா, போ."

அவன் போனான். ஆறு மாதம் தூக்கம் கெட்டு, விரல் வெந்து கற்றுக்கொண்டதெல்லாம் ஒரு 'போப்பா'வில் முடிந்தது.

அவன் வாசலைத் தாண்டியதும் அட்டெண்டர் கண்ணையன் ராமசாமியின் அறைக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, நான் ஒரு தப்பு பண்ணிட்டேங்க. ஆயுத பூஜைக்குத் தராசுக்கும் அடுப்புக்கும் பொட்டு வச்சி சூடம் காட்டச் சொன்னீங்களே, வாங்கியாந்த சூடம் மழையில நனைஞ்சிபூட்ச்சி. அவசரத்துக்கு பீரோல இருந்த பாட்டில் சூடத்தக் கொட்டிக் கொளுத்திட்டேங்க."

"என்னது!"

"அப்பறம் பயந்துகினு, குள்ளஞ்சாவடி சந்தையில கடைச் சூடம் வாங்கியாந்து அந்தப் பாட்டில்லயே ரொப்பி வச்சிட்டேன். சூடம்னா எல்லாம் சூடம்தானேன்னு நெனைச்சேங்க. அந்தத் தம்பி மூஞ்சியப் பாத்ததும் மனசு கேக்கல. என்னய வேலைய வுட்டு அனுப்பினாலும் சரிங்க."

ராமசாமி பாட்டிலைத் தன் அறைக்கே எடுத்து வந்து, ஒரு சிட்டிகை கற்பூரத்தைக் குழாயில் அடைத்து, தானே சூடாக்கிப் பார்த்தார். நூற்று அறுபத்தொன்பதிலேயே உருகிப்போயிற்று.

பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். குழந்தைவேலின் மூன்று உருகுநிலைகளையும் இந்த நூற்று அறுபத்தொன்பதை வைத்துத் திருத்தினார். மூன்றுமே நூற்றிருபத்தெட்டை ஒட்டி வந்து நின்றன. அவ்வளவு சுத்தமான கை.

"இந்தக் கற்பூரத்துல யார் செஞ்சாலும் நூறுதான் வரும்" என்று தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னார்.

"அப்ப கருணாகரன் தம்பிக்கு எப்படிங்க ஐயா வந்துச்சி?"

ராமசாமி தலையை நிமிர்த்தி ஜன்னல் வழியே கூடத்தைப் பார்த்தார். கருணாகரன் சீட்டியடித்தபடி நோட்டுப் புத்தக அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இல்லாததத்தானே எழுதி வச்சிருக்கான்" என்று முணுமுணுத்தார். முகம் கறுத்துப்போயிற்று.

கண்ணையனுக்கு உயிர் வந்தது. "பஸ்ஸு இன்னும் வந்திருக்காதுங்க. நான் ஓடிப்போய் அந்தத் தம்பியக் கூட்டியாரட்டுங்களா?"

ராமசாமி மேஜைமேல் டைப் அடித்து வைத்திருந்த ஆர்டரை எடுத்தார். கருணாகரன் என்கிற பெயரை ஒரு நிமிஷம் பார்த்தார். கண்ணையன், இதோ கிழிக்கப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவர் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"வேணாம்யா. கேட்ட நம்பரக் கொண்டாந்து வச்சான் பாரு, இவன்தான் எனக்கு வேணும்!"