படத்தில் இருந்த கண்கள்

சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடியவனின் முகத்தைப் பூங்கோதை சொல்லச் சொல்ல, போலீஸ் ஓவியர் காலையிலிருந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார். ரப்பர் பட்டுப் பட்டுத் தாள் கிழியப் பார்த்தது.

“கண்ணு இப்படி இல்ல சார். பதறிப்போய் என்னைப் பாத்தான்.”

திருடன் எதற்குப் பதறப்போகிறான் என்று கேட்கக்கூட ஓவியருக்குத் தெம்பில்லை. அப்படியே வரைந்து கொடுத்தார்.

அந்தப் படத்தை வைத்து ஒருவனைப் பிடித்து வந்தார்கள்.

“இவனேதான் சார். இந்த மூஞ்சிய மறக்க முடியுமா?” என்றாள் பூங்கோதை.

“அக்கா, நீங்க ரோட்டுல விழுந்து கெடந்தப்போ நான்தானே தூக்கி உக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன்?”

ஏட்டு படத்தை அவன் முகத்தருகே பிடித்துப் பார்த்தார். அதுவரை பொருந்தாமலிருந்த கண்களும் இப்போது அச்சு அசலாகப் பொருந்தின.