தறிப்பேச்சு

"அவளுக்கு இன்னும் சொல்லல, தங்கச்சி. நாளைக்குத்தான் பிள்ளையைக் கொண்டு வர்றாங்க. அதுவரைக்கும் சும்மா பார்க்க வந்த மாதிரி இருங்க."

கேட்டிலேயே என்னை மறித்து, என் தோழியின் கணவர் இதைச் சொன்னார்.

நான் அழுவதற்கென்றே வந்தவள். பஸ்ஸிலேயே பாதி அழுதுவிட்டேன். அவர்களுடைய ஒரே மகன் லாரி ஓட்டுகிறவன். விடியற்காலையில் நெடுஞ்சாலை விபத்தில் போய்விட்டான் என்று எங்களோடு மில்லில் இருந்த ஒருத்தி போன் செய்து சொல்லியிருந்தாள்.

முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

என் தோழி வாயாடி என்னைக் கட்டிக்கொண்டாள். மில் மூடியபோது பிரிந்தவர்கள். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் பார்க்கிறோம்.

"உயிரோடதான் இருக்கியாடி?" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

அவளுக்குக் காது மந்தம். எனக்கும் அதே கதிதான். எல்லாம் தறி கொடுத்த சீதனம்.

எதிரெதிர்த் தறியில் நின்றவர்கள் நாங்கள். அந்த இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. குரலைச் செலவழிக்காமல் உதட்டை மட்டும் அசைத்தே ஊர்க்கதை எல்லாம் பேசி முடிப்போம். சூப்பர்வைசரை அவர் முகத்துக்கு நேராகவே திட்டியிருக்கிறோம். அவரும் வணக்கம் சொல்கிறோம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போவார். எங்களில் அதிகம் பேசியவள் இவள்தான். வாயாடி என்ற பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து டீ ஊற்றினாள். மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். லாரிக்காரன் என்றால் முகத்தைச் சுளிக்கிறார்களாம். "இவளுங்க பெத்தது மட்டும் என்ன, கலெக்டரா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

அவருடைய போன் அடித்தது. வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். வாழ்நாளெல்லாம் மருந்துக் கடையில் நின்ற மனிதர். தறிக்கு நடுவே நாங்கள் எப்படிப் பேசினோம் என்று அவர் கேட்டதும் இல்லை, இவள் சொன்னதும் இல்லை. இவளிடம் பேசும்போது தொண்டை கிழியக் கத்துவார். கத்துவதால்தான் இவளுக்குப் புரிகிறது என்று நினைப்பு.

கண்ணாடிக்குப் பின்னால் அவர் உதடு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

'முகம் பார்க்கிற மாதிரி இருக்கா? இல்லேன்னா மூடியே கொண்டு வாங்க. அவ தாங்கமாட்டா.'

அவளும் அந்தப் பக்கம் பார்த்துத்தானே உட்கார்ந்திருக்கிறாள். எழுந்து திரையை இழுக்கப் போனேன்.

"விடுடி, வெளிச்சம் வரட்டும்."

அவள் தலை நிமிரவில்லை. என் தம்ளரில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் உள்ளே வந்து அவளுக்குப் பின்னால் இருந்த கட்டிலில் உட்கார்ந்தார்.

அப்போது அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதடு அசைந்தது. குரல் இல்லை.

'காலையிலேயே பார்த்துட்டேன். அப்பவும் அங்கதான் நின்னு பேசினார்.'

இத்தனை காலம் கழித்து என் உதடும் தானாக அசைந்தது.

'ஏன்டி சொல்லல?'

'எனக்காகத்தான் அவர் நிக்கிறார். நான் அழுதா விழுந்துடுவார். அவர் கொஞ்சம் கண் அசரட்டும், அப்புறம் நாம அழலாம். அதுவரைக்கும் போயிடாதே.'

பிறகு குரலை உயர்த்தினாள்.

"சூப்பர்வைசர் சாயத்தொட்டியில விழுந்த கதையைச் சொல்லுடி. இவர் கேட்டதே இல்ல."

சொன்னேன். கையும் காலும் நீலமாகி அந்த மனிதர் அப்படியே ஒரு கல்யாணத்துக்குப் போனது வரைக்கும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள், அதைத் துடைக்கவும் இல்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.