கார் வராத சாலை

நான் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. கேட்டில் கொடுத்த கட்டையின் நிறம் சிவப்பு என்று, இந்தக் கதையை எனக்குச் சொன்ன வாசு கூறியதாக ஞாபகம், பச்சையாகவும் இருக்கலாம். மலைச்சாலையின் மேல் கேட்டில் குறுக்குக் கம்பி மூடியிருந்தது என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

"தொரை சைக்கிள்ல ராசா எங்க கெளம்பிட்டாரு?" என்றான் கேட்காரன் வேலாயுதம். கம்பியின் மேல் இரு கைகளையும் ஊன்றி, நகர்கிறவனாகத் தெரியவில்லை.

"கீழ பாசாருக்குண்ணே. சாமான் வாங்கணும்."

"சாமான் வாங்க எதுக்குடா துணி மூட்டை? வாழைக்காய்க்கு வேட்டி கட்டவா?"

வாசு மூட்டையை முதுகுப்பக்கம் தள்ளினான். கோம்பாக்குக்கு மேலே, மலைச்சாலையைப் பார்த்துக்கொள்ளும் துரையின் பங்களாவில் அவன் சமையல்காரன். ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைச் சொந்த ஊருக்கே கப்பலேற்றிக்கொண்டிருந்த வருடம் அது. மறுநாள் காலை கிள்ளான் துறைமுகத்தில் கப்பல். அவன் மனைவி தங்கமணி கீழே நகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் கைக்குழந்தையோடு காத்திருந்தாள். அவன் போய்ச் சேராவிட்டால் அவள் தனியாகத்தான் ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விருந்து இருக்கிறது, போகக் கூடாது என்று துரை சொல்லிவிட்டார். அவர் மத்தியானம் கண்ணயர்ந்தபோது வாசு சைக்கிளை எடுத்துவிட்டான். பிடிபட்டால் திருட்டுக் கேஸ்.

"பொய் சொல்லவும் ஒரு மூஞ்சி வேணும்லா," என்றபடி வேலாயுதம் காவல் கூண்டுக்குள் போனான். ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து வந்தவன். சட்டத்தை விட்டு இம்மியும் நகராதவன் என்று பெயர். அங்கே தொங்கிய முழ நீளக் கட்டையை எடுத்துவந்து நீட்டினான். "இந்தா, பிடி."

"சைக்கிளுக்கு எதுக்குண்ணே கட்டை? கார்காரங்கதானே கொண்டு போவாங்க?"

"பிடிச்சா கம்பியத் தூக்குறேன். இல்லே, பங்களாவுக்குத் திரும்பு. கீழ் கேட்ல ரெங்கசாமிகிட்ட குடு."

வாசு கட்டையை மூட்டையில் செருகினான். கம்பி உயர்ந்தது. அவன் கடந்ததும் பின்னால் அது இறங்கிப் பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

இரண்டு கேட்டுகளுக்கும் நடுவே குறுகலான சாலை. எதிரெதிரே வரும் கார்கள் ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பெடலை மிதிக்கவே தேவையில்லாமல் சைக்கிள் தானாக இறங்கியது. மூங்கில் புதர்களிலிருந்து ஈரம் சொட்டியது. சக்கரம் சுழலும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

வேறொரு நாளில் அந்த அமைதி அவனுக்குப் பிடித்திருக்கும். அன்று அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கட்டையைக் கொடுத்ததே கீழே தன்னை அடையாளம் கண்டு நிறுத்தத்தான் என்று தோன்றியது. வேலாயுதம் இந்நேரம் துரையை எழுப்பியிருப்பான். முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி. நடுவில் விலகி ஒளிய ஓர் ஒற்றையடிப் பாதைகூடக் கிடையாது.

பாதி இறக்கத்தில் துரையின் கார் ஹாரன் கேட்டது.

வாசு பிரேக்கை விட்டுவிட்டான். வளைவில் சக்கரம் சறுக்கியது. முழங்கை பாறையில் உரசிக் கிழிந்தது. மறுபடியும் ஹாரன். எத்தனை வளைவு கடந்தும் அது நெருங்கவில்லை, ஒரே இடத்திலிருந்து அலறுவது போலவே இருந்தது. மலை அப்படித்தான் சத்தத்தை மாற்றிக் காட்டும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு அதுவும் நின்றது. அந்த மௌனம் இன்னும் மோசமாக இருந்தது.

கீழ் கேட்டில் ரெங்கசாமி சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, சீக்கிரம் தூக்குங்க! தொரை கார் பின்னாலேயே வருது!"

ரெங்கசாமி அவனைப் பார்க்கவில்லை, மூட்டையைப் பார்த்தான். "கட்டை எப்படிடா உன்கிட்ட வந்துச்சு?"

"வேலாயுதண்ணே குடுத்தாரு. வாங்கினாத்தான் விடுவேன்னாரு."

ரெங்கசாமிக்குச் சிரிப்பில் புரையேறியது. கட்டையை வாங்கி ஆணியில் தொங்கவிட்டு மறுபடி உட்கார்ந்தான்.

"கார் எப்படிடா வரும்? கட்டை கடைசி வண்டியோட எறங்கிட்டா, திரும்ப மேல போய்ச் சேர்ற வரைக்கும் அங்கேருந்து ஒண்ணும் எறங்கக் கூடாது. எதிர்ல வண்டி ஏறுதோ என்னமோ, யாருக்குத் தெரியும்? தன் காரை லோரியில மோதிக்கிட்ட பொறவு தொரையே போட்ட சட்டம்லா."

"கட்டை எப்பண்ணே மேல போகும்?"

"காலையில காய்கறி லோரி வரும். அதுல போகும்." ரெங்கசாமி கம்பியைத் தூக்கினான். "போடா, நாளைக்குக் கப்பல்னு எங்களுக்கும் தெரியும். பொண்டாட்டி காத்திருப்பா."

வாசுவும் தங்கமணியும் குழந்தையோடு கப்பலேறினார்கள். நாகப்பட்டினத்தில் சிறிய சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். சைக்கிளைப் பிரிக்பீல்ட்ஸிலிருந்து யாரோ கொண்டுவந்து ரெங்கசாமியிடம் விட்டுப்போனார்கள். ரெங்கசாமி பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்தான். துரை சீமைக்குத் திரும்பினார். வேலாயுதம் மட்டும் அதே கேட்டில் இருந்தான். அவனை நீக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

அன்று மேல் கேட்டில் ஹாரனை அழுத்தியபடி கத்திய துரைக்கு அவன் ஒரு சலாம் வைத்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டானாம்:

"சைக்கிளும் வண்டிதானே, தொரை?"