ஒரு விரற்கடை

விரல்களை ஆஸ்பத்திரிச் சுவரில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அவசரமே இல்ல, மெதுவா ஏத்துங்க" என்றார் பிசியோ அம்மா.

கை இன்று ஏறாவிட்டால் மறுபடி ஆபரேஷன். நான் வேலை பார்த்த கேன்டீனில் எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து வெந்த என் அக்குளில், தொடைத் தோலை எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தோல் சும்மா இருக்காதாம். மாதக்கணக்கில் சுருங்கிச் சுருங்கி, கையை உடம்போடு சேர்த்து இழுத்துவிடுமாம்.

அதற்குத்தான் இந்தச் சுவரேறும் பயிற்சி. இரண்டு மாதம் முன்பு பிசியோ அம்மா ஓர் உயரத்தை என் வீட்டுக்காரரிடம் குறித்துக் கொடுத்தார். வீட்டுச் சுவரில் அந்த உயரத்தில் ஒரு கோடு. தினமும் மூன்று வேளை, விரல்களால் அதுவரை ஏற வேண்டும்.

வீட்டுக்காரர் பெயின்டர். ஒரு ஸ்விட்சுகூட இல்லாத மொட்டைச் சுவராகப் பார்த்துக் கோடு போட்டார். முதல் நாள் வலி உயிரை எடுத்தது. இந்தக் கோட்டைத் தொடும் அன்றோடு இந்தக் கருமத்தை நிறுத்திவிடுவேன் என்று அப்போதே அவரிடம் சத்தியம் செய்தேன்.

தொட்டால்தானே நிறுத்த? இரண்டு மாதமாக ஒரு விரற்கடை குறைகிறது. நேற்றும் அதே ஒரு விரற்கடை. சுவரில் முகத்தை வைத்து அழுதேன்.

அந்த மனுஷனோ, வாராவாரம் அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஈரம் இறங்குகிறதாம். காய்ந்ததும் கோட்டை மட்டும் மறக்காமல் போட்டுவிடுவார். பாத்ரூம் சுவர் பாளம் பாளமாக உரிகிறது, அதைக் கேட்க நாதியில்லை. நேற்று அதற்கும் சேர்த்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

விரல்கள் நின்றுவிட்டன. அக்குள் தீயாய் எரிந்தது. அவ்வளவுதான், எழுதி வைத்த விதி என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன்.

பிசியோ அம்மா டேப்பால் அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார்.

"நான் கேட்டதுக்கு மேல நாலு விரல் போயிட்டீங்க! ஆபரேஷனே வேண்டாம். கோட்டைத் தொட்டதும் எல்லாரும் விட்டுடுவாங்க, தோல் திரும்ப இறுகிடும். நீங்க எப்படி விடாம ஏறினீங்க?"

நான் தொடவே இல்லையே என்று வாய்வரை வந்துவிட்டது.

கூட வந்திருந்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சீலிங்கை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் எங்கள் வீட்டுச் சுவரின் நிறம்.

அடப்பாவி மனுஷா!

அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. பிசியோ அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்தக் கோட்டைத் தொட்டுவிட வேண்டும். இந்த ஆள் அதை மறுபடி மேலே ஏற்றுவதற்குள்.