வாசல் துணிக்கொடி

வாசலில் நிழல் விழுந்ததும் செங்கமலம் நிமிர்ந்து பார்த்தாள். வீட்டுக்காரி தாயாரம்மாள் நின்றிருந்தாள்.

"இன்னாமே, புள்ள துணிய நனைச்சானா?"

செங்கமலம் ஊட்டிக்கொண்டிருந்த சங்கைக் கீழே வைத்துவிட்டு, மடியில் கிடந்த குழந்தையின் இடுப்புத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். "இல்லக்கா. காஞ்சேதான் கீது."

ஸ்ரீபெரும்புதூரில் இந்த அறைக்குக் குடிவந்த அன்றே தாயாரம்மாள் கறாராகச் சொல்லியிருந்தாள். "மூத்திரத் துணி எதுவும் என் வாசக் கொடியில தொங்கக் கூடாது." பழைய வேட்டியில் கிழித்த துணிகளைச் செங்கமலம் கொல்லையில்தான் உலர்த்துவாள்.

சற்று நேரத்தில் மறுபடி நிழல்.

"இப்போ?"

"இல்லக்கா."

தாயாரம்மாள் உள்ளே வந்து, தானே துணிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். "உச்சிவெயில் வரைக்கும் பாப்பேன். அப்பால சும்மா இருக்க மாட்டேன்."

செங்கமலம் மறுபடி சங்கை எடுத்தாள். புருஷனுக்கு ஷிப்ட் முடிய இன்னும் நேரமிருந்தது.

மூன்றாம் முறை நிழல் விழுந்தபோது அவள் மடி சூடாக நனைந்தது.

"அக்கா... நனைச்சிட்டான்."

தாயாரம்மாள் பாய்ந்து வந்து அந்த ஈரத்துணியை உருவிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

இரண்டு நாள் பேதியில் வற்றிப்போன பிள்ளை. "உப்பு சர்க்கரைத் தண்ணிய ஊட்டிக்கினே இரு. மூத்திரம் போனா பொழைச்சான். உச்சிவெயில் வரைக்கும் போவலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடு" என்று நர்சம்மா காலையில் சொல்லியிருந்தாள்.

தாயாரம்மாள் வெளியே போய், ஆஸ்பத்திரிக்குப் போக அவள் பூட்டி நிறுத்தச் சொல்லியிருந்த மாட்டுவண்டியோடு காத்திருந்த வண்டிக்காரன் தாவீதிடம், "மாட்ட அவுத்துடுப்பா" என்றாள். பிறகு அந்தத் துணியை அலசி, தெருவுக்கே தெரியும்படி வாசல் கொடியில் விரித்துப் போட்டாள்.