அண்ணாச்சி காருக்கு என்ன கோளாறு?

“இது நாலாவது தடவை, மேஸ்திரி. நீங்களே எதையாவது கழட்டி வச்சுக்கிட்டு, அப்புறம் நீங்களே மாட்டுதீகளோ?”

வெள்ளத்துரை இப்படிக் கேட்டதும் ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மெக்கானிக் பரசுராமனுக்குக் காது சுட்டது. ராயபுரம் கல்மண்டபத்தில் பன்னிரண்டு வருஷமாக ஷெட் வைத்திருப்பவர். ஹார்பர் லாரிக்காரர்கள்கூட அவரைத்தான் தேடி வருவார்கள்.

“இன்னா தம்பி, இப்படிச் சொல்லிட்டே! உன் கண்ணு முன்னாலதானே கீது வண்டி? பாரு.”

காரின் முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒரே சுற்றுதான் சுற்றினார். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

“இங்க கிளம்புது. எங்க மண்டி வாசல்ல கிளம்ப மாட்டேங்குதே!”

கருப்பட்டி மண்டி வேதமாணிக்கம் அண்ணாச்சியின் கார் அது. எங்கே போனாலும் அவர்தான் ஓட்டுவார். மகன் வெள்ளத்துரையைக்கூட ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்லை. இன்றைக்கு ஷெட்டுக்கு ஓட்டி வந்தவரும் அவரேதான்.

“வண்டின்னா அப்பப்போ சண்டித்தனம் பண்ணத்தாம்ல செய்யும். விடு” என்றார் மகனிடம்.

பரசுராமனால் விட முடியவில்லை. பாட்டரி, பிளக், பெட்ரோல் குழாய், எல்லாம் கழற்றிப் பார்த்தாயிற்று. கடல் காற்றில் உப்பு ஏறியிருக்குமோ என்று வயரைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று.

“தம்பி, என்னென்னிக்கு மக்கர் பண்ணுச்சு? ஞாபகப்படுத்திச் சொல்லு.”

“ஒரு செவ்வாய். ரெண்டு சனி. நேத்து வியாழன்.”

“இன்னா நேரம்?”

“எல்லாம் பொழுது சாயற நேரந்தான். திருவொத்தியூர் கிட்டங்கியில சரக்குப் பாக்கப் புறப்படையில. உங்களுக்கு ஆளனுப்பலாம்னா ஷெட்டு மூடிக் கெடக்கு. ஜட்கா பிடிச்சுத்தான் போறோம்.”

“காலைல?”

வெள்ளத்துரை யோசித்தான். “ஒரு நாளும் தகராறு பண்ணதில்ல.”

சாயந்திரமானால் வண்டிக்கு அப்படி என்னதான் ஆகிறது? பரசுராமனுக்கு அன்று முழுவதும் வேறு வேலையே ஓடவில்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

மறுநாள் சனிக்கிழமை சீக்கிரமே ஷெட்டைப் பூட்டினார். யாரிடமும் சொல்லாமல் சாமான் பையோடு மண்டிக்கு நடந்தார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். அண்ணாச்சி ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் களைத்துப்போய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, லாந்தரைப் புடி” என்று பரசுராமன் பானட்டைத் தூக்கினார். வயர்கள் சரி. பெட்ரோல் சரி. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“ரோட்டரைக் காணோம்!”

“அப்படின்னா?”

“கட்டைவெரல் அளவு சாமான் தம்பி. அது இல்லாங்காட்டி பிளக்குக்கு கரண்டே போவாது. தானா கழண்டு வுழாது. யாரோ சாயந்திரம் எடுத்துட்டு, காலைல திருப்பி மாட்டிகினு கீறாங்க.”

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. தன் கை மேல் பழி இல்லை.

வெள்ளத்துரை சட்டென்று திரும்பினான். மண்டிக் காவலாளி உச்சிமாகாளி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

“காரைத் துடைக்கிறது நீதானல? ஜட்காக்காரன் என்னல குடுக்கான் உனக்கு?”

“சின்ன மொதலாளி, எம் பிள்ளைக மேல சத்தியம். நான் அந்த மூடியத் தொறந்ததே இல்ல.”

“நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வராத. போ!”

உச்சிமாகாளி கும்பிட்டான். கண்டுபிடித்த சந்தோஷமெல்லாம் பரசுராமனுக்கு வற்றிப்போயிற்று. ஏன்தான் இங்கே வந்தோமோ என்றிருந்தது.

“ஏல, அவனை விடு.”

அண்ணாச்சி எழுந்து நின்றார்.

“நான்தாம்ல எடுத்தேன்.”

ஜிப்பாப் பையில் கை விட்டு அந்தச் சாமானை வெளியே எடுத்தார்.

“நீங்களா? உங்க வண்டியை நீங்களேவா? ஊரு பூரா மேஸ்திரியைத் திருடன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே அப்பா!”

“தப்புதான். மேஸ்திரி, இந்தாரும்” என்று அண்ணாச்சி கையை நீட்டினார்.

பரசுராமன் நின்றது காருக்கு இந்தப் பக்கம். அண்ணாச்சியின் கை நீண்டது அந்தப் பக்கம், ஆளே இல்லாத இடத்துக்கு.

வெள்ளத்துரை லாந்தரை உயர்த்தி அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

“போன மாசம் டோல்கேட்டுக்கிட்ட ஒரு மீன்காரி” என்றார் அண்ணாச்சி. “நான் பிரேக்கை மிதிக்கையில அவ மொகம் ஒரு முழத்துல இருந்துச்சு. பொழுது சாஞ்சா எனக்கு ஒண்ணும் தட்டுப்படல. வெளியில சொன்னா சாவியை வாங்கிருவீக. சொல்லாம ஓட்டுனா யாராவது செத்துருவாக. அதான் வண்டிக்குச் சீக்குன்னு ஆக்கிட்டேன்.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“அப்பா, மேஸ்திரி நிக்கிறது...” என்று ஆரம்பித்த வெள்ளத்துரையைப் பரசுராமன் கையமர்த்தினார். செருப்பைக் கழற்றினார். ஓசைப்படாமல் காரைச் சுற்றிப் போய், அந்தக் கைக்கு நேரே நின்றுகொண்டு, “இங்கதான் கீறேன், அண்ணாச்சி. குடுங்க” என்றார்.