கோள் சொன்ன சீட்டு

புதிதாக வரும் சீட்டாட்டங்களை ஆடிப் பார்த்து விமர்சனம் எழுதுவது சபூராவின் வேலை. அந்த வாரம் காயல்பட்டினத்தில் அவள் வீட்டுக்கு வந்த சீட்டுக்கட்டில், ஒவ்வொரு சீட்டுக்கும் தான் யார் கையில் இருக்கிறோம் என்று தெரியும். விதியை மீறினால் கட்டு வாய்விட்டுச் சொல்லிவிடும்.

சேர்ந்து ஆட, அவள் காக்கா என்று அழைக்கும் அண்ணன் ஜக்கரியாவைக் கூப்பிட்டாள். சின்ன வயதில் மழைக்காலம் முழுக்க மாடியில் பாய் விரித்து அவனோடுதான் ஆடுவாள். ஒருநாளும் தோற்றதாக அவளுக்கு நினைவில்லை. அந்தத் தெம்பில்தான் இந்தத் தொழிலுக்கே வந்தாள்.

பெரிய சீட்டு கையில் இருந்தால் அதைத்தான் இறக்க வேண்டும் என்பது இந்த ஆட்டத்தின் விதி. கொஞ்ச நேரத்தில் கட்டு பேசியது. "ஜக்கரியாவிடம் ராஜா இருக்கிறது. மறைத்துவிட்டு இரண்டை இறக்கினார்."

சபூரா நிமிர்ந்தாள். "என்ன காக்கா இது?"

"பழக்கம்மா. கை தானாப் போயிருச்சு."

"அப்ப மாடியில ஆடினதெல்லாம்?"

அவன் அசடு வழியச் சிரித்தான். "தோத்தா நீ சாப்பிடாம படுத்துக்குவே. உம்மா என்னையத்தான் ஏசுவாங்க."

முதலில் அவளுக்குக் கோபம் வந்தது. பிறகு, பாயை நனைத்த சாரலும், ஒவ்வொரு தோல்விக்கும் அவன் தலையில் அடித்துக்கொண்டு புலம்பியதும் நினைவுக்கு வந்தன. எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறான்!

"இப்ப நேரா ஆடு" என்றாள்.

அவன் நேராக ஆடினான். எல்லா ஆட்டத்திலும் அவள் தோற்றாள். கண்ணில் நீர் வரச் சிரித்தபடி, இன்னொன்று போடு, இன்னொன்று போடு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் விமர்சனத்தில் எழுதினாள்: "அருமையான ஆட்டம். வெளியாட்களோடு ஆடுங்கள். அண்ணன் இருப்பவர்கள் பேசாத சீட்டுக்கட்டையே வைத்துக்கொள்ளுங்கள்."